ஒரு வண்டி, ஒரு தலைக்கவசம்

பிறருடைய வண்டிகளைக் காவல் காக்கும் தொழிலில் ஆதாயம் சிறிது, வசை பெரிது. கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது நாம் போட்ட கீறல். பெட்ரோல் குறைந்தால் அது நாம் குடித்த பெட்ரோல். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையோரத்தில் என்னைப் போல் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து வசை கேட்டுக்கொண்டிருப்போருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். வீடு கட்டுவதற்கென்று வாங்கிய மனையைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் எழும்பின; லாரிப் புழுதியில் குடியிருக்க முடியாது என்று தெரிந்தது. ஆகவே அங்கே இருசக்கர வாகனக் காப்பகம் நடத்துகிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களின் வண்டிகளைப் பல ஆலைகள் உள்ளே விடுவதில்லை. அவர்கள் வண்டியை என்னிடம் நிறுத்திவிட்டுக் கம்பெனிப் பேருந்தில் ஏறிச் செல்வார்கள். எனக்குத் துணை மண்ணூர் ஏழுமலை. முன்பு நெல் பயிரிட்டவர். இப்போது வண்டிகளை வரிசை பிசகாமல் நிறுத்துகிறார்.

வாசல் வரைக்கும் கவசம்

தலைக்கவசம் அணியாதவர் எவரும் என் வாசலைத் தாண்டி வண்டியை ஓட்டிச் செல்லக் கூடாது என்று முதல் நாளே விதித்தேன். எவரும் எதிர்த்துப் பேசவில்லை. வெளியேறிய ஒவ்வொரு தலையிலும் கவசத்தைக் கண்டு, ஓய்வு பெற்ற பின்னும் என் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதே என்று பெருமிதம் கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன்: பல தலைகளில் இருந்தது ஒரே கவசம். நெற்றியில் மஞ்சள் நட்சத்திரம் ஒட்டிய அதை மாட்டிக்கொண்டு ஒருவன் வெளியேறுவான். மதிலின் மறுபுறம் வண்டியை நிறுத்தி, உள்ளே காத்திருக்கும் நண்பனுக்கு மதிலின் மேலாக எறிவான். ஒரு நாள் ஏழுமலை அதை இடையில் பிடித்துவிட்டார். எறிந்தவனை அழைத்து வரச் செய்து, "உடைந்தால் யாருடைய தலையப்பா உடையும்?" என்று கேட்டேன். அவன் சிறிதும் கூசாமல் சொன்னான்: "தல எங்களுதுதான் டீச்சர். ஹெல்மெட்டுதான் உங்க கேட்டுக்கு."

உயர்ந்த பின்னிருக்கை

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிமுத்து, வடக்குப்பட்டில் ஓர் அறை எடுத்து மனைவி பேச்சியம்மாளுடன் குடியிருந்தான். இருவருக்கும் ஒரே ஆலையில் வேலை. பிரிவுகள் மட்டும் வேறு. அவனுடைய பிரிவு காலை ஷிப்டில் இயங்கியது. அவளுடையது பிற்பகல் ஷிப்டில். அவன் புறப்படும் வேளையில் அவள் உறங்குவாள். அவள் திரும்பும் வேளையில் அவன் உறங்குவான். ஷேர் ஆட்டோ கிடைக்காத அந்த இரு வேளைகளுக்காகவே அவர்கள் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். விடியற்காலையில் அவன் ஓட்டி வந்து என்னிடம் நிறுத்துவான். வேலை முடிந்து இரவில் அவள் எடுத்துச் செல்வாள்.

கறுப்பு வண்டி, பெட்ரோல் தொட்டியில் சிவப்புக் கோடு. முன்பக்கம் பாயப்போவது போல் தாழ்ந்தும், பின்னிருக்கை மேல்நோக்கி ஏறியும் இருந்தது. பார்வைக்குப் பந்தய வண்டி என்றாலும் பெட்ரோல் அதிகம் குடிக்காது, மழைத்தண்ணீர் தேங்கிய சாலையிலும் நின்றுவிடாது என்று இசக்கிமுத்து அதன் குணங்களை எனக்கு ஒப்பித்தான். வண்டியைச் சுற்றி வந்த ஏழுமலைக்குப் பின்னிருக்கைதான் பிடிக்கவில்லை. "இன்னா தம்பி, பின்சீட்டு ஆகாசத்துல கீது? வூட்டுக்காரம்மா ஏணி வச்சித்தான் ஏறணும் போல" என்றார். இசக்கிமுத்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "பின்னாடி யாருண்ணே ஏறப்போறா? ரெண்டு பேரும் சேந்து போற யோகம் எங்களுக்கு எங்க இருக்கு?"

பிற்பகல் இரண்டு மணி

அவர்கள் விழித்திருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடம் என் காப்பகம் ஒன்றுதான். இரண்டு மணி அளவில் காலை ஷிப்ட் முடிந்தவர்களைப் பேருந்து இறக்கிவிடும். அதே பேருந்து அடுத்த ஷிப்டை ஏற்றிக்கொண்டு போகும். ஷேர் ஆட்டோவில் வந்து காத்திருக்கும் பேச்சியம்மாள் அறைச் சாவியை அவனிடம் கொடுப்பாள். அவன் வண்டிச் சாவியையும் தலைக்கவசத்தையும் அவளிடம் கொடுப்பான். வண்டியின் இருக்கைமேல் சோற்று டப்பாவைத் திறந்து வைத்து, அவன் உண்ண அவள் பேசுவாள். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தியதும் ஓடுவாள்.

அவனுடைய வியர்வை காயாத கவசத்தையே அவளும் அணிவது எனக்கு உவப்பாக இல்லை. இன்னொன்று வாங்கச் சொன்னேன். "ஒரு நேரத்துல ஒரு தலதான டீச்சர் வண்டியில இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள். கணிதம் கற்பித்த எனக்கு அந்தக் கணக்கில் பிழை காட்டத் தெரியவில்லை. என் முகம் மாறியதைக் கண்டு அவளே தேற்றினாள்: "சூப்பர்வைசர் என்னயக் காலை ஷிப்டுக்கு மாத்திவிடட்டும். அன்னைக்கே ரெண்டாவது ஹெல்மெட் வாங்கிருதோம். அதுக்குத்தான் அம்மனுக்கு நேந்திருக்கேன்."

வழியை மறிப்பவர்கள்

அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் நடைவழியை மறித்துக்கொண்டு நிற்பதாக ஒரு வாடிக்கையாளர் முறையிட்டார். நடுத்தர வயதுக்காரர், உள்ளூரில் சொந்த வீடு, மனைவி மக்கள் எல்லாம் உள்ளவர். தம் வண்டியை எடுக்க முடியாமல் நின்ற அவருக்காக நான் கண்டிக்க எழுந்தேன். அதற்குள் அவரே என்னைத் தடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வுடுங்க டீச்சர், பேசிட்டுப் போவட்டும். நாள் பூரா வூட்ல இருந்தாலும் எங்கூட்ல இவ்ளோ பேச்சு கெடையாது."

ஒரே ஷிப்ட்

அம்மன் செவி சாய்த்தாளோ, சூப்பர்வைசர் மனம் இரங்கினாரோ, பேச்சியம்மாளுக்குக் காலை ஷிப்ட் கிடைத்தது. மாறிய முதல் நாள் விடியலில் இருவரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். பின்னிருக்கையின் உயரத்தில் அவள் அவனுடைய தோளைப் பற்றிக்கொண்டு, மேடையேறிப் பரிசு வாங்க வந்த மாணவியைப் போல் அமர்ந்திருந்தாள். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. அது அவள் தலையில் இருந்தது. நான் இருவரையும் நிற்க வைத்துக் கண்டித்தேன், இருவரும் சிரித்தார்கள்.

பிற்பகலில் ஒரே பேருந்திலிருந்து இருவரும் இறங்கினார்கள். அவன் மீண்டும் கவசத்தை அவளுக்கு மாட்டப் போனபோது ஏழுமலை வாசலில் குறுக்கே நின்றார். "ஓட்றவன் தலையில இருக்கணும். டீச்சரம்மா ரூல்ஸ்" என்றார். அவன் பணிந்து தன் தலையில் அணிந்துகொண்டான். இன்னொன்று எப்போது என்று நான் விடாமல் கேட்டேன். அவன் வண்டியைக் கிளப்பியபடியே சொன்னான்: "இப்ப கடைக்குத்தான் டீச்சர் போறோம். அவளுக்குச் செவப்புக் கலர்தான் வேணுமாம், வண்டிக் கோட்டுக்குப் பொருத்தமா."

மதிலுக்கு அப்பால்

கடையை அவர்கள் சென்று சேரவில்லை. சாலையோரம் நின்றிருந்த கண்டெய்னர் லாரி ஒன்று, பின்னால் வருவோரைப் பாராமல் திடீரென்று சாலைக்குள் திரும்பியதாக, அவ்வழியே வந்த வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். பேச்சியம்மாளுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. தலையில் காயம் இல்லை. இசக்கிமுத்துவை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல எவரும் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

அவன் கவசம் அணிந்து வெளியேறியதை என் கண்ணால் கண்டவள் நான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அது அந்தப் பெண்ணின் தலையில் இருந்தது என்றே சொன்னார்கள். எனக்கு விளங்கவில்லை. ஏழுமலைதான் சொன்னார்: "மதிலத் தாண்டி ஓரமா நிறுத்தினான் டீச்சரம்மா. தன் தலையிலேர்ந்து கயட்டி அது தலையில மாட்டி, பட்டையக்கூட அவனே போட்டு வுட்டான். நான் பாத்துகினுதான் இருந்தேன்."

திரும்பி வந்த வண்டி

ஊருக்குப் போன பேச்சியம்மாள் அங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். சில மாதங்களுக்குப் பின் ஒரு நண்பகலில், அதே கறுப்பு வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். தொட்டியின் சிவப்புக் கோடு பாதி அழிந்திருந்தது. கைப்பிடி சற்றே கோணியிருந்தது. தலையில் பழைய கவசம். வாசலில் என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, பட்டை பூட்டியிருப்பதைத் தானே இழுத்துக் காட்டினாள்.

அவர்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தை ஏழுமலை காலி செய்து கொடுத்தார். பேருந்து வருவதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்டாள். இருக்கைமேல் சோற்று டப்பாவை வைத்துவிட்டு, திறக்காமல் அருகே நின்றாள். முன்பு வழி மறிப்பதாக முறையிட்ட அந்த வாடிக்கையாளர் தம் வண்டியை அவளுக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, எடுக்காமல் காத்திருந்தார். இரவில் தனியாகத் திரும்ப வேண்டுமே, காலை ஷிப்டிலேயே தொடர விடும்படி கேட்டிருக்கலாமே என்றேன் நான். அப்போது பேருந்து வந்து நின்றது. காலை ஷிப்ட் முடிந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். இறங்குகிறவர்கள் முகங்களைப் பார்த்தபடியே அவள் எனக்கு விடை சொன்னாள்: "காலை ஷிப்டே இருக்கட்டும்னுதான் கம்பெனியிலயும் சொன்னாவ டீச்சர். நான்தான் பழைய ஷிப்டு கேட்டு வாங்கினேன். ரெண்டு மணிக்கு நான் இங்க நிக்கணும்லா?"

வண்டிக்குச் சீட்டுக் கொடுத்து, கேட்கும்போது கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுப்பதே எங்கள் தொழில். வண்டியில் ஏறிச் செல்பவருக்கு அத்தகைய சீட்டு எதுவும் எந்தக் காப்பகத்திலும் வழங்கப்படுவதில்லை.