கிள்ளிப் பார்த்த கொழுப்பு

கோச் என்றதும் அவருடைய முகம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. என் மேற்கையின் சதையைக் கிள்ளிப் பிடித்த இரண்டு விரல்கள்தான் வருகின்றன. எண்பதுகளில், கோலா சாவாவை ஒட்டிய ரப்பர் தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நாங்கள் சில பெண்கள் நெடுந்தூர ஓட்டக்காரிகள். செம்மண் சாலையில் நாங்கள் ஓட, எங்கள் பயிற்சியாளரான அவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருவார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பயிற்சி முடிந்ததும் எங்களை வரிசையில் நிறுத்திக் கிள்ளுவார்.

"சதைக்குள்ள கொழுப்பு ஏறிப்போச்சுலா. அப்புறம் காலு எப்படி ஓடும்?"

எண்ணெய் கூடாது, மீன் கூடாது, ராத்திரியில் சோறே கூடாது. பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிவிட்டு வந்து அம்மா சமைத்ததை நான் தள்ளிவைப்பேன். மாநிலப் போட்டி நெருங்கியபோது அவித்த மரவள்ளியும் வெறுந்தேநீரும்தான். தலை சுற்றுகிறது என்றேன். "கொழுப்பு கரையுது, அதான்" என்றார் அந்த மேதை.

போட்டியில் பாதித் தூரம் முன்னால் ஓடினேன். பிறகு கால்கள் என் சொல் கேட்கவில்லை. முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் விழுந்தேன். கண் விழித்தபோது அவர் அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எஸ்டேட் பிள்ளைங்க சார். வீட்டுல ஒழுங்கா சோறு கிடைக்காது. நான் என்ன பண்றது?"

என் தலையை மடியில் வைத்திருந்த அம்மா, அதுவரை பெரிய மனிதர்கள் முன் வாய் திறந்தவர் அல்ல. "சோறு இருந்துச்சு சார். நீங்கதான் திங்க விடல" என்றார். கோச் காதில் விழாதவர்போல் அடுத்த ஓட்டக்காரியைத் தேடிப் போனார். அதன்பின் நான் அவரிடம் பயிற்சிக்குப் போகவில்லை.

தொண்ணூறுகளில் பிசியோதெரபி படித்தபோதுதான் அவருடைய அறியாமையின் முழு அளவும் எனக்குத் தெரிந்தது. அவர் கிள்ளியது தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை. தசைக்குள் இருப்பதோ நுண்ணிய துளிகள், விரலுக்கு அகப்படாதவை. நெடுந்தூரம் ஓடும்போது அவையும் எரிந்து ஆற்றலாகின்றன. பயிற்சி கூடக் கூட, தசை அவற்றை மேலும் சேர்த்துவைக்கவும் எரிக்கவும் பழகுகிறது. அசையாத உடம்பில்தான் அவை செலவாகாமல் தேங்கிக் கெடுதல் செய்கின்றன. மோட்டாரை விட்டு இறங்காத அந்த மனிதர், எங்கள் கால்களுக்குள் இருந்த எரிபொருளைப் பகையென்று நினைத்திருக்கிறார்.

சில ஆண்டுகள் கழித்து, செனாவாங்கில் ஒரு விளையாட்டு விழாவில் அவரைக் கண்டேன். சட்டைப் பொத்தான்கள் திணறும் வயிறு. அதே விரல்கள் இன்னொரு பெண்ணின் கையில். நேரே போய்ச் சொன்னேன்.

"சார், தூரமா ஓடுறவங்களுக்குச் சதைக்குள்ள இருக்கிற கொழுப்பும் வேணும். பட்டினி போட்டா விழுந்துருவாங்க."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "நீ எத்தன மெடல் வாங்கின?" என்று சிரித்தார்.

பதில் பெறும் தகுதி அவருக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் அம்மாவிடம் திரும்பி, நான் விழுந்த கதையைச் சொன்னேன். அந்த அம்மா மகளின் கையை அந்த விரல்களிலிருந்து விடுவித்தார்.

"வா பிள்ள, மொதல்ல பசியாறு."

கடையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். கோச் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் மென்றுகொண்டே இருந்தாள்.