புஷ்பவல்லி திருகிய பல்புகள்

திறப்பு விழா மலருக்குக் கட்டடத்தின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது ஒரே ஒரு வரி: ‘பாழடைந்து கிடந்த கட்டடத்தை நம் தமிழ்ச் சங்கம் வாங்கிப் புதுப்பித்தது.’ மீதிப் பக்கத்தில் குத்துவிளக்கோடு சங்கத் தலைவர் ராமசுப்ரமணியன் நிற்கிறார். பாழடைந்து கிடந்ததாம்! கட்டடத்துக்கு எதிர்வீட்டில் இருக்கும் புஷ்பவல்லி ஆன்ட்டியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர்கள் வெட்டியதை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. அந்தக் கட்டடம் யூதர்களின் சினகாக், அவர்கள் கூடித் தொழுகிற இடம். நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே கோழிப் பண்ணை வைத்தவர்கள், முட்டை விற்ற காசில், தாங்களே செங்கல் சுமந்து கட்டினார்கள். பிள்ளைகள் டாக்டராகவும் வக்கீலாகவும் படித்து ஊரை விட்டுப் போனார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான் போகப்போகிறார்கள், அது வேறு கதை. தொழுகைக்குப் பத்துப் பேர் சேர வேண்டுமாம். கடைசியில் ஆறு பேர்தான் மிஞ்சினார்கள்.

புஷ்பவல்லி ஆன்ட்டி பெரம்பூர்க்காரர். கணவர் மகாதேவன் மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். ஆன்ட்டிக்குப் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, திறந்திருந்த சினகாக் கதவு வழியாக, எண்பது வயது அம்மாள் ஒருவர் நாற்காலி மேல் ஏறித் தடுமாறுவதைப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் பெயர் ருத்.

ருத் எட்டப் பார்த்தது ஒரு பித்தளைப் பலகையை. அதில் இறந்துபோனவர்கள் அறுபத்து நான்கு பேரின் பெயர்கள், ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு குட்டி பல்பு. ஒருவர் இறந்த நாள் வருகிற வாரம் அவருடைய பல்பைத் திருகி எரியவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு யூதர்களுக்கு ஓய்வு நாள், விளக்கைத் தொட மாட்டார்கள். அந்த நாளும் இங்கிலீஷ் தேதிப்படி வராது, நிலாவைப் பார்த்து வரும். ருத் இதை விளக்கத் தொடங்கியதும் ஆன்ட்டி பாதியிலேயே நிறுத்திவிட்டாராம். திதிதானே, இதற்கு எதற்கு இவ்வளவு விளக்கம் என்று.

அன்று முதல் நாற்காலியில் ஏறுவது ஆன்ட்டியின் வேலை ஆயிற்று. பக்கத்து ஊரான எடிசனில் மளிகைக் கடையில் ஓசியில் கொடுக்கும் தமிழ் மாதக் காலண்டரில், ருத் சொல்லச் சொல்லப் பெயர்களைக் குறித்துக்கொண்டார். பெரும்பாலான பெயர்களுக்கு இந்த ஊரில் ஒரு நாதி இல்லை. ஒன்று எட்டு மாதக் குழந்தை. அதன் வாரம் வந்தால் ஆன்ட்டி வெறும் வயிற்றோடு போய் விளக்கேற்றுவார். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் மகாதேவன் அங்கிள் போனார். துக்கம் கேட்க வந்த நாங்கள் எல்லாரும் இன்சூரன்ஸ் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினோம். ருத் ஏழு நாளும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் சினகாக்கை நம் சங்கத்துக்கு விற்றபோது ருத் கேட்டது ஒன்றே ஒன்று. பக்கத்து ஊர் சினகாக்கில் புதுச் சுவர் எழும்புகிறது, வசந்த காலத்தில் பலகையை அங்கே எடுத்துக்கொள்வார்கள், அதுவரை இங்கேயே எரியட்டும். ராமசுப்ரமணியன் கைகொடுத்துச் சரி என்றார். ருத் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ஆன்ட்டி அவருக்கு வாக்குக் கொடுத்தார், நான் இருக்கிற வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ நான் யாரோ. திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன் கமிட்டி ஜூமில் கூடியது. கல்யாணமும் வளைகாப்பும் நடக்கிற ஹாலில் செத்தவர்கள் பெயரா, அமங்கலம் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், ம்யூட்டில். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இன்றுவரை என்மேல் எனக்கே கோபம்.

ஸ்டோர் ரூமில் வைக்கிறோம் என்றுதான் முடிவு. வைக்கவில்லை. பழைய கார்ப்பெட்டோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள், லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை, ருத் கொடுத்துவிட்டுப் போன சாவியோடு வந்த ஆன்ட்டி, சுவரில் நான்கு ஓட்டைகளைத்தான் பார்த்தார். டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி, ஃபோட்டோ இருந்தா ஃப்ரேம் பண்ணிக் குடுத்துடலாம் என்றாராம் தலைவர். ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. ருத்துக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னார். எல்லாமே போய்விட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு ருத் போனை வைத்துவிட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆன்ட்டி கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் எடுக்கவில்லை.

திறப்பு விழா நாள். நாதஸ்வரம், கேசரி, ஜரிகைப் புடவைகள். அதே சுவரில், அதே இடத்தில், பட்டுத்துணி போட்டு ஒரு பலகை. தலைவர் துணியை விலக்கினார். நன்கொடையாளர் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனிப் பித்தளைத் தகட்டில். மூன்றாவது வரிசையில் ‘அமரர் மகாதேவன் நினைவாக, திருமதி புஷ்பவல்லி.’ கட்டடம் வாங்கும்போதே கணவர் பெயரில் ஆன்ட்டி மேடை கட்ட நன்கொடை கொடுத்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆன்ட்டி முன்வரிசையிலிருந்து எழுந்து பலகைக்குக் கிட்டே போனார்.

“ராம், அமரர்னா என்னப்பா அர்த்தம்?”

தலைவர் சிரித்தபடி, “தெரியாதா ஆன்ட்டி? காலமானவங்க” என்றார்.

“செத்தவங்க. வளைகாப்பு நடக்கற ஹால்ல செத்தவர் பேரை எப்படி மாட்டின?”

“ஐயோ ஆன்ட்டி, அது வேற. இவர் நம்ம ஆளு.”

ஆன்ட்டி மைக் செட்காரரிடம் கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை, ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நிதானமாக இரண்டு திருகாணிகளையும் கழற்றி, கணவர் பெயர்த் தகட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“அந்த அறுபத்து நாலு பேருக்கு இங்க இடம் இல்லேன்னா, என் வீட்டுக்காரருக்கும் வேணாம்.”