கிருமி முளைத்த பில்லை

கிருமி சாகவேண்டும், பிளாஸ்டிக் வெள்ளையாக இருக்கவேண்டும், விலை மட்டும் ஏறக்கூடாது என்று ஒரே மூச்சில் கேட்பார்கள் எங்கள் தொழிலில். ஆராய்ச்சிக்கூடத்தில் தலைமுடியை இழந்த சகாக்களே, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னத் தொழிற்சாலை. கிருமியைக் கொல்லும், கண்ணுக்கே தெரியாத வெள்ளித்துகளை டிபன்பாக்ஸ் பிளாஸ்டிக்கில் கலக்கும் வேலை எனக்கு. அந்த நாட்கள் மாதிரி பிறகு வாய்க்கவில்லை.

மஞ்சள்

உருக்கும் மெஷினை ஓட்டியவர் பழவேற்காட்டுத் தேசப்பண்ணன். பிளாஸ்டிக் மஞ்சளானால் கருகிவிட்டது என்பது அவர் அனுபவம். வெள்ளித்துகள் சேர்ந்தாலும் மஞ்சளாகும் என்று சொல்லிவைக்காமல் நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பினால், ஒரு வாரம் பாடுபட்டுத் தயாரித்த கலவை மொத்தமும் கழிவு மூட்டையில்! அண்ணன் பெருமையாகச் சொன்னார்:

"நல்லவேள, நான் பாத்துக்கினு இருந்தேன் சார். இல்லாங்காட்டி பெரிய பேஜாரா பூட்டிருக்கும்!"

சோறு போட்டு வளர்த்தது

கிருமிச் சோதனை, லேபில் என்னோடு வேலைபார்த்த அமுதாவின் பொறுப்பு. சாதா பிளாஸ்டிக் பில்லை ஒன்று, வெள்ளி கலந்த பில்லை ஒன்று. இரண்டிலும் கிருமியை விட்டு ஒருநாள் கதகதப்பில் வைப்பாள். வெள்ளிப் பில்லையிலும் அவை சுகமாகப் பிழைத்தன. வியாழக்கிழமை ஆர்டர் பேச டிபன்பாக்ஸ் கம்பெனி அம்மா வருவதற்குள் சரியாகாவிட்டால், லேபை மூடி எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லிவிட்டார். அமுதா அழுதேவிட்டாள். தேசப்பண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப்பட்டுக்காரரான முதலாளி கிருமித் தட்டைக் காட்டிக் கேட்டார்:

"கொல்லுன்னு சொன்னா, சோறு போட்டு வளத்துக்கினு கீறீங்களே நைனா?"

இரண்டும் சுத்தம்

வெள்ளியின் அளவைக் கூட்டினேன். தேசப்பண்ணன் புதுப் பில்லைகளை வார்த்துக் கொடுத்தார். வியாழன் காலை பார்த்தால், வெள்ளிப் பில்லையில் ஒரு கிருமி இல்லை. சாதாப் பில்லையிலும் இல்லை! சாதாவில் கிருமி தழைத்தால்தானே, மற்றதில் கொன்றது வெள்ளி என்று நம்புவார்கள்? பில்லை வார்த்தவரையே கூப்பிட்டுக் கேட்டேன். தேசப்பண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அமுதாம்மா அழுதுச்சு, மனசு கேக்கல சார். ரெண்டையும் பினாயில்ல ஊறவச்சுதான் குடுத்தேன். ரெண்டுமே பாஸாவட்டும்னு!"

மிட்டாய்

வந்த அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தார். பினாயில் படாத பில்லைகளோடு மறுபடி சோதனை. திங்களன்று வெள்ளிப் பில்லை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சாதாவில் கிருமி மண்டிக்கிடந்தது. அமுதா துள்ளிக் குதித்தாள். அந்த அம்மா வெள்ளிப் பில்லையின் மஞ்சளைச் சந்தன நிறம் என்று சொல்லி ஆர்டரும் கொடுத்தார். நான் ஓடிப்போய் மிட்டாய் வாங்கிவந்தேன். தேசப்பண்ணன் ஒன்றை வாயில் போட்டபடி, சாதாப் பில்லையை முகம் சுளித்துப் பார்த்தார்.

"கிருமி மொளச்சதுக்கு மிட்டாய் குடுக்கறவங்கள இங்கதான் சார் பாக்கறேன்."

இன்று வேறு ஊரில் பெரிய லேபில் உட்கார்ந்து கோடி கோடியாகக் கிருமிகளைக் கொன்றாலும், அன்று என் வேலையைக் காப்பாற்றியது சாகாமல் நின்ற அந்தக் கிருமிகள்தான் என்பதை எந்த இன்டர்வியூவிலும் நான் சொன்னதில்லை.