ஊர் வாசனை என்று நினைத்தேன்

ஆறு வருடங்களுக்கு முன்பு, மகளின் நர்சிங் படிப்புக்காக மஸ்கட்டில் ஒரு கேரளக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குப் போனேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கணவன், மனைவி இருவரும் காலையிலேயே ஆபீஸ் போய்விடுவார்கள். சமையலும், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

சாப்பாடு, பேச்சு எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை. நல்ல மெத்தை, ஏசி, சத்தமே இல்லாத அறை. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருக்கும். தலையணையை மாற்றினேன். ஊரிலிருந்து கொண்டுபோன பழைய புடவையை விரித்துப் படுத்தேன். எதுவும் உதவவில்லை. கூச்ச சுபாவம், யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் மதியம் குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, உள்ளறையில் தூங்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சமையலறையை ஒட்டிய என் அறையில் படுத்தபோது லேசாக ஒரு வாசனை வந்தது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. எனக்கு அப்படி ஒரு நிம்மதி!

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊரில்தான். கடலூருக்குத் தெற்கே, கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய ஊர். காற்று திரும்பினால் இதே வாசனைதான். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும், அது மூக்கில் பட்டதும் விழித்துப் பையை எடுத்துக்கொள்வேன். வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். இத்தனை நாளாக எனக்குக் குறைந்தது இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. நன்றாக மூச்சை இழுத்துவிட்டேன். அப்படியே தூங்கிப்போனேன்.

நாலு மணிக்குப் பின்கதவு தட்டும் சத்தம். அந்த வீட்டு டிரைவர் பாய் வழக்கம்போல டீக்கு வந்திருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர். எனக்குத் தலை பாரமாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி, அடுப்பருகே போய் லைட்டரைக் கையில் எடுத்தேன்.

“யக்கா! வேணாம்! பத்த வைக்காதீங்க!”

பாய்ந்து வந்து லைட்டரைப் பிடுங்கிக்கொண்டார். ஜன்னல்களைத் திறந்தார். அடுப்பின் திருகு மூடாமல் இருந்தது. மதியம் பால் பொங்கித் தீ அணைந்திருக்கிறது. நான் மேலே சிந்தியதை மட்டும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

“லைட்டு சுவிட்ச தொடாதீங்க. புள்ள எங்க?”

உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தூக்கம் கலைந்த கோபத்தில் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“வீடு பூரா கேஸ் நாத்தம். ஒங்களுக்குத் தெரியலியா? மூக்க ஊர்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?” என்றார் பாய்.

“தெரிஞ்சுது பாய். எங்க ஊரு வாசனன்னு நெனச்சிட்டேன்.”

“வாசனயா? எந்த ஊருக்கா அது?”

ஊரைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“நாங்க கடலூர் போறப்ப அங்கதாங்க்கா பஸ் ஜன்னல சாத்துவோம். அதுலயா இவ்ளோ நாளு படுத்துத் தூங்குனீங்க?”

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரக்கத்தோடு கேட்டதுதான் தூக்கிவாரிப் போட்டது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார் பாய். எனக்கு மனசு கேட்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, குழந்தையின் அம்மா வந்ததும் நானே சொன்னேன். அவர் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் சமையலறைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். கேஸ் கசிந்தால் அது கத்துமாம். என் மூக்கு செய்ய வேண்டிய வேலை.

மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். பஸ் நெருங்கும்போதே குமட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழைத்துப் போக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்தாள். “என்னம்மா, வெளியூர்க்காரங்க மாதிரி பண்ற!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றும் மறுநாளும் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் காலை வாசல் தெளிக்கும்போது காற்று சுத்தமாக இருந்தது. நாற்றம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்போது மகளைப் பார்க்க அவளுடைய சிதம்பரம் தோழி வந்தாள். துப்பட்டாவால் மூக்கை இறுக்கிப் பொத்தியபடி வாசலில் நின்றாள்.

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். இன்றும் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் திருகை ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கிறேன். எனக்குப் பழகிவிட்டது என்பதற்காக எதையும் நல்லது என்று என்னால் இனி நம்ப முடியவில்லை.