பண்ணை வீட்டு டைகர்

நீடாமங்கலம் பக்கம் ஒரு பண்ணையில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். பண்ணையின் காவல் நாய் டைகரைக் குட்டியிலிருந்து சோறு வைத்து வளர்த்தவர் அவர்தான்.

அந்த ஆண்டு கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, ஆட்கள் அறுவடைக்கு இறங்க மறுத்தார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்தார். எனக்குப் பயம். "சோறு போடுற வீட்ட எதுத்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்று திட்டினேன்.

மறுநாள் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் அடியாட்களோடு வந்தார். வரப்பில் நின்றவர்கள்மேல் டைகரை ஏவிவிட்டார். பாய்ந்து வந்த நாய், இவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் படுத்துவிட்டது. காரியக்காரர் தடியால் அதன் தலையில் அடித்தார்.

"வாயில்லாச் சீவங்க அது. என்னை அடிங்க" என்று இவர் அதன்மேல் கவிழ்ந்து விழுந்தார். அப்புறம் இவரைத்தான் அடித்தார்கள். வலது கை முறிந்தது. டைகர் அங்கேயே செத்துப்போனது. ஒற்றைக் கையால் அதை அணைத்துத் தூக்கிப்போய் ஆற்றங்கரையில் புதைத்தார். முறிந்த கை பிறகு அரிவாள் பிடிக்கவே இல்லை.

அடுத்த நாள் என்னை அறுவடைக்குக் கூப்பிட ஆள் வந்தது.

"நான் வரல. போய்ச் சொல்லுங்க" என்றேன்.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். நடுங்கிக்கொண்டுதான் சொன்னேன். அந்த நாய் செத்ததைப் பார்த்த பிறகு, அந்த வயலில் என்னால் கால் வைக்க முடியவில்லை. அவ்வளவுதான்.