வெற்றிலைத் தட்டத்தில் ஐந்து டொலர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் காசு சேர்க்கும் தமிழ்ப் பெண் மொன்றியலில் நான் ஒருத்திதான் என்று அடித்துச் சொல்வேன். வேறு யாராவது இருந்தால் முன்னுக்கு வரட்டும், உட்கார்ந்து கதைப்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் நான் ஒரு தையல் தொழிற்சாலையில் பிழை பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பொத்தான் சரிந்திருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுகிற கண், வேலை முடிந்ததும் சும்மா இருக்குமா? லாசாலில் எங்கள் தெரு மூலையில் இருந்த டெப்பனேர் என்ற சில்லறைக் கடையில் பால் வாங்கிய மிச்சத்தோடு ஒரு நாள் ஒரு செப்புச் சதம் வந்தது. இறகுக் கிரீடம் வைத்த தலையும், நூறு வருடத்துக்கு முந்திய ஆண்டும். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

கனடாவில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்கக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் காசு அடிக்கும் சாலைகள் பல இருந்தன. தலைமைச் சாலையைத் தவிர மற்றவை தங்கள் காசில் ஓர் எழுத்துப் போடும். ஒரே ஆண்டு, ஒரே முகம், ஒரே நிறை. ஆனால் பின்பக்கக் கழுகின் காலடியில் கடுகளவில் ஓர் எழுத்து இருந்தால் அது வேறு சாதிக் காசு. இதைவிட என் கண்ணுக்கு ஏற்ற வேலை வேறென்ன?

லொங்குய்யில் ஒரு பங்களாவின் நிலவறையில் காசு விற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். கனடாக் காசில் புலி. அமெரிக்கப் பொற்காசுகளை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டு, வெறும் தங்கமாக நிறை பார்த்து விற்பார். ஒரு சனிக்கிழமை தம்பி என்னைக் காரில் அங்கே கூட்டிப்போனான். கிண்ணத்தில் இருந்த ஐந்து டொலர் காசு ஒன்றைப் புரட்டினேன். அடியில் ஐந்து டொலர் என்பதைக் குறிக்க அவர்கள் போடும் ‘டி’ எழுத்துக்கு மேலே, அதே எழுத்து இன்னொரு முறை, சின்னதாக. ஜோர்ஜியா மலைப்பக்கத்தில் டலோனிகா என்ற சிற்றூரில் அடித்த காசு. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அந்தக் காசுச் சாலையை மூடிவிட்டார்கள். அதனால் அந்தக் காசு அரிது; தங்க விலையைப் போலப் பல மடங்கு பெறும். முகத்தை அசையவிடாமல் தங்க விலையை மட்டும் கொடுத்து வாங்கினேன். ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பனியில் நின்றபடி தம்பியின் தோளில் ஓர் அடி போட்டேன். அவன் பயந்து போனான். விசயத்தைச் சொன்னதும் அவனும் சேர்ந்து துள்ளினான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “என்ன பிள்ளை அது?”

உண்மையைச் சொன்னால் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்த வேண்டும். பேந்து இன்னொரு மணித்தியாலம் திட்டு வாங்க வேண்டும். “பவுண் அம்மா” என்றேன். பவுண் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தங்கமும் அதுதான், பிரித்தானிய ராணித் தலைப் பொற்காசும் அதுதான். அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். வட்டமான பெண் முகம், தலையில் கிரீடம்போல ஒன்று, பருமனும் கிட்டத்தட்ட அதே. ராணி என்றே நம்பித் தலையாட்டினார். நானும் நல்லதாய்ப் போச்சு என்று காசை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

அடுத்த மாசியில் தம்பிக்குக் கலியாணம். கலியாணத்துக்கு முன் ஒரு நல்ல நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். ஒரு பவுணை வெற்றிலைத் தட்டத்தில் வைத்து, சபையில் உள்ள எல்லோரும் தொட்டு வாழ்த்தியபின் அதை உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள். பவுண் கொண்டுவருவதாகப் பொறுப்பேற்றவர் ரொறன்ரோவில் இருந்த பெரியம்மா, அம்மாவின் தமக்கை. கைப்பையை மூன்று தரம் கொட்டிப் பார்த்துவிட்டு, பவுணைத் தன் வீட்டு மேசையிலேயே மறந்து வந்துவிட்டதாக அன்று காலையில்தான் அம்மாவிடம் சொன்னார். நான் அப்போது சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் நாற்பது பேர். நகை வேலை செய்யும் பத்தர் தன் சின்ன அடுப்போடும் குழலோடும் ஒரு மூலையில் இருந்தார். புகைக்கு அலறும் கருவியின் மேல் என் கணவர் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார். அம்மா அடுப்படி வாசலோடு நின்றார். அப்பா காலமாகி ஆறு வருடம். முன்னுக்கு வராதே என்று அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. நல்ல காரியம் என்றால் அவராகவே பின்னுக்குப் போய்விடுவார். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று வாய் திறந்து சொன்னதும் இல்லை.

தட்டம் கை மாறி மாறி என்னிடம் வந்தது. மஞ்சளும் குங்குமமுமாக ஒரு காசு. பழக்கதோசத்தில் புரட்டினேன். கழுகு. கழுகுக்குக் கீழே அந்தச் சின்ன எழுத்து.

காசைத் திரும்பத் தட்டத்தில் வைக்காமல் விரலுக்குள் பிடித்துக்கொண்டேன். அது மினுங்க வேண்டும் என்று யாரோ பழப்புளி போட்டு வேறு தேய்த்திருந்தார்கள்; பழங்காசைத் தேய்க்கவே கூடாது. பத்தர் குழலைப் பற்றவைத்துவிட்டார். இன்னும் பத்து நிமிடத்தில் நல்ல நேரம் முடியும், என் காசும் முடியும்.

“இதை உருக்க ஏலாது” என்றேன்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தார். “என்ன பிள்ளை, தம்பிக்கு ஒரு பவுண் குடுக்க மனமில்லையே?”

அடுப்படி வாசலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. “நீதானே பிள்ளை பவுண் எண்டு சொன்னனீ. அதுதான் எடுத்து மினுக்கி வைச்சனான்.”

அந்த வீட்டுச் சடங்கில் அம்மா கைபட்ட காரியம் அது ஒன்றுதான். காசின் உண்மையைச் சொன்னால் நாற்பது பேருக்கு முன்னால் அவரை ஒன்றும் தெரியாதவராக்க வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஒரு கஞ்சப் பிசாசு. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கோபம் வந்தால் எனக்குச் சொல்லும் வந்துவிடும்.

“இதைவிடத் திறம் காசு இந்த வீட்டிலை இருக்கு” என்றேன். “அம்மான்ரை தாலிக்கொடியிலை கோர்த்துக் கிடக்கு, அசல் ராணித் தலை. அதை உருக்குங்கோ.”

பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். “உனக்கென்ன விசரே? அது கழட்டி வைச்ச கொடி.”

“விசர்தான். காசைப் பற்றி என்னைவிடத் தெரிஞ்ச ஆள் இஞ்சை இருந்தால் கதையுங்கோ. ஒரு காசு ஆரின்ரை கையிலை இருந்து வந்தது எண்டதைப் பார்த்துத்தான் நாங்கள் அதை மதிக்கிறது. அப்பாவோடை முப்பத்தைஞ்சு வருசம் குடும்பம் நடத்தின காசு அது. அதைவிட நல்ல காசு உங்களுக்கு எங்கை கிடைக்கும்?”

பெரியம்மா பத்தரைப் பார்த்தார். பத்தர் குழலைத் தாழ்த்திவிட்டு, “நெருப்புக்குள்ளை போனால் பவுணுக்கு ஒரு குறையும் இல்லை, அக்கா. நேரந்தான் போகுது” என்றார்.

தம்பி என் கையில் இருந்த காசை இப்போதுதான் சரியாகப் பார்த்தான். அவன் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. உடனே அதை விழுங்கிக்கொண்டு, பலகையில் இருந்தபடியே அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

“அம்மா, எனக்கு உங்கடை காசுதான் வேணும். எடுத்துக்கொண்டு வாங்கோ.”

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு அறைக்குள் போய், பழைய சேலை ஒன்றில் சுற்றி வைத்திருந்த கொடியோடு வந்தார். பத்தர் ஒரு காசை வெட்டி எடுத்துத் தட்டத்தில் வைத்தார். தம்பி தட்டத்தை வாங்கி முதலில் அம்மாவிடம் நீட்டினான். அம்மா இரண்டு விரலால் காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். தட்டம் அவசரமாகச் சபையைச் சுற்றி வந்தது. நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது காசு பத்தரின் உருக்குக் கிண்ணத்துக்குள் இளகியது.

சாப்பாட்டின்போது ஆளுக்காள் என்னைப் பாராட்டினார்கள். தாயை முன்னுக்குக் கொண்டுவந்த பிள்ளை, பெரிய மனசு, படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான் இருக்க வேணும் என்றெல்லாம். நான் எதையும் மறுக்கவில்லை. வடிவாகத் தலையைச் சரித்து ஏற்றுக்கொண்டேன்.

பின்னேரம் எல்லோரும் போனபின் அம்மாவும் நானும் ஏனம் கழுவினோம். அம்மா தட்டத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“உன்ரை காசைக் காப்பாத்தத்தானே அப்பிடிக் கதைச்சனீ?”

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆனால் ஏற்கெனவே ‘பவுண்’ என்று ஒரு சொல்லைச் சுகத்துக்குச் சொல்லிப் பட்டது போதும்.

“ஓம் அம்மா.”

“எனக்கு அப்பவே தெரியும். உள்ளுக்குள்ளை ஏதும் ஒளிச்சு வைச்சால்தான் நீ உவ்வளவு வடிவாய்க் கதைப்பாய்.”

அம்மா தட்டத்தைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்த இரண்டு விரலையும் ஒரு தரம் பார்த்தார்.

“எண்டாலும் பிள்ளை, முதல் ஆளாய்த் தொட்டது நான் எல்லோ” என்றார்.