மூன்று திருகு, ஒரு தட்டு

சர்க்கரை டப்பாவை மூடி, மூன்று திருகு திருகி, மேலே ஒரு தட்டுத் தட்டுவாள் என் மருமகள். அவள் மூடியதை யானை மிதித்தாலும் திறக்காது. சரி, யானை கொஞ்சம் அதிகம். என் மகன் பல்லால் கடித்தும் திறக்கவில்லை, அது உண்மை.

"ஏம்மா, உள்ளே என்ன பூதமா இருக்கு?" என்றால், "காத்துல ஈரம் இருக்கு அத்தை" என்பாள். உப்பு, சோப்புத்தூள், என் மூட்டுவலித் தைலம், எல்லாவற்றுக்கும் இதே தண்டனை.

அவள் வேலை அப்படி. கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் நிறைந்த வெள்ளைத் தூள் ஒன்றைச் செய்கிறாள். கரியமில வாயு அந்தப் பொந்துகளுக்குள் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்று காட்ட வேண்டும். ஈரம் படாத கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு, அரை விரல்கூட நீளமில்லாத குழலில் தூளை அடைத்து வாயுவை ஏற்றி, மூடியை அழுத்துவாள். பிறகு அதை, பொருளின் உள்ளே இருப்பதைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியின் காந்தத்துக்குள் சாய்வாக நிறுத்தி, நொடிக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுச் சுற்றவிடுவாள். காந்தத்தருகே ஆகாதென்று வாட்ச், வளையல் எல்லாம் கழற்றிப் பைக்குள். வீட்டுக்கு வந்தும் போட்டுக்கொள்ள மறந்துவிடுவாள்; தேடுவது நான்.

"தண்ணி ஒரு வேண்டாத விருந்தாளி அத்தை. உள்ள நுழைஞ்சா நல்ல இடத்தையெல்லாம் பிடிச்சுக்கும். வாயுவுக்கு இடமே இருக்காது."

நான்கு மாதம் வரிசையில் காத்திருந்து அவளுக்குக் கிடைத்தது ஐந்து நாள் காந்தம். இதே கேள்விக்கு இன்னொரு நாட்டிலும் விடை தேடுகிறார்கள். அவர்கள் முந்திவிட்டால் இவளது ஆறு வருட உழைப்பு ஊர் கூடி இழுத்த தேர் நடுத்தெருவில் நின்ற கதைதான். நேற்று மாலை வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. "அஞ்சு நாளும் போச்சு. உள்ள பூரா தண்ணி. மூடி சரியா உட்காரல."

என் மகன் வந்ததும் காப்பி மேசையில் நானே செய்தி வாசித்தேன். "எவனோ ஒரு சோம்பேறி மூடிய ஒப்புக்கு வச்சிட்டுப் போயிருக்கான்டா. நம்ம வீட்டுக் கை மூடியிருந்தா, தண்ணி வாசல்ல நின்னு கும்பிடு போட்டுட்டுத் திரும்பியிருக்கும்!"

"அந்தச் சோம்பேறி நான்தான் அத்தை," என்றாள் அவள். "போன தடவ அழுத்தி அழுத்தி மூடியே விரிசல் விட்டுருச்சு. இந்தத் தடவ கை பயந்துருச்சு."

சொல்லிவிட்டு, எதிரே இருந்த சர்க்கரை டப்பாவை இழுத்து இன்னொரு திருகு திருகினாள். என் காப்பிக்கு நான் இன்னும் சர்க்கரை போடவில்லை.